வேப்பிலை சுற்றிய நாற்காலி

சென்ற ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியபாளையத்தில் நடந்தது இது. இன்றும் கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கிறேன். எழுதிப் பார்த்தால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று என் கணவர் சொன்னார். அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகளுக்குப் பதினாறு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த ஜுரம் அவளை உயிரோடு விட்டுவிட்டு, கால்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போயிற்று. இளம்பிள்ளை வாதம் என்றார் டாக்டர். கைக்குழந்தைகளுக்குத்தான் அது வரும் என்று அதுவரை நினைத்திருந்தோம். அவள் நினைவில்லாமல் கிடந்த நாட்களில், பிழைத்தால் வேப்பஞ்சேலை கட்டி உன் கோயிலைச் சுற்றி வருகிறேன் என்று பெரியபாளையத்து அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

சென்னை ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு சக்கர நாற்காலி கிடைத்தது. யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்களுக்கென்று வந்து மிஞ்சியதாம். இரும்புச் சட்டம், பிரம்பு இருக்கை, இரண்டு பக்கமும் பெரிய சக்கரங்கள். வீட்டுக்குள் அதை அவள் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்து, "சுவர் இடிந்துவிடப் போகிறது" என்று அவள் அப்பா கத்துவார். வெளியே அழைத்துப் போனது ஒரே ஒரு தடவைதான். திருவள்ளூர் கடைத்தெருவில் எங்களைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டமே கூடிவிட்டது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அப்படிப்பட்ட வண்டியை அவர்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அதற்குள் ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அவள் மடியில் ஒரு காசை வைத்துவிட்டுப் போனார். அன்றோடு அவள் வாசலைத் தாண்டுவதை நிறுத்திவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் இவளுக்காகவே வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வருஷம் பிறந்து வகுப்புகளும் நடந்துகொண்டிருந்தன. இவள் அசையவில்லை. "என் மூஞ்சிய யாரும் பார்க்கமாட்டாங்கம்மா. சக்கரத்தத்தான் பார்ப்பாங்க" என்றாள். இந்த வருஷமும் போய்விட்டால் அப்புறம் வீடே அவள் உலகம் என்று ஆகிவிடுமே என்ற கவலையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேண்டுதலுக்குத் துணையாக வர மட்டும் சம்மதித்தாள். அவள் அப்பாவுக்கு ரயில்வேயில் லீவு கிடைக்கவில்லை, நான் தனியாகப் போக வேண்டுமே என்ற இரக்கம். கூட்டம் குறைந்த பிறகுதான் கோயிலுக்குள் வருவேன் என்று நிபந்தனை போட்டாள். மாட்டு வண்டி பேசி, பின்னால் நாற்காலியைக் கட்டிக்கொண்டு போனோம்.

அங்கே ஆடி மாதத்தில் ஜனங்கள் ஆரணி ஆற்று மணலிலேயே தங்குவார்கள். ஆற்றில் தண்ணீர் இருக்காது. கீற்றுப் பந்தல்களும் துணிக் கூடாரங்களும் பொங்கல் அடுப்புப் புகையுமாக மணல் முழுக்க ஒரு ஊரே முளைத்திருக்கும். தண்ணீருக்கு ஆளாளுக்கு மணலில் ஊற்றுக்குழி தோண்டிக்கொள்வார்கள். சில குழிகள் ஆள் உயரத்துக்கு இருக்கும். போகும்போது யாரும் மூடுவதில்லை. நடு ஆற்றில் ஒரு பந்தலில் எங்களை இறக்கிவிட்டு, வண்டிக்காரர் மாடுகளை மேய்க்க அக்கரைக்கு ஓட்டிப் போனார். என் மகள் கீற்று மறைப்புக்குப் பின்னால் நாற்காலியோடு ஒதுங்கிக்கொண்டாள். காலை முழுக்க அந்தக் கீற்று இடுக்கு வழியாக வெளியே பார்த்தபடியே இருந்தாள்.

அடுத்த பந்தலில் பழவேற்காட்டு ஏரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மீனவக் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, அவளுடைய தம்பிகள் இரண்டு பேர். அந்த அம்மாள் நல்ல ஆகிருதி, அதைவிடப் பெரிய குரல். வேப்பஞ்சேலையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பொண்ண உள்ளயே ஒளிச்சி வெச்சிக்கினு கீறே? எவனாச்சும் தூக்கிக்கினு பூடுவான்னு பயமா?" என்று சிரித்தாள். என் மகள் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டாள்.

உச்சிப்பொழுதில் வெயில் ஏறிக் கூட்டம் கொஞ்சம் கலைந்தது. நான் வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டேன். கயிற்றில் வேப்பிலைக் கொத்துகளை நெருக்கமாகக் கோத்து விற்பார்கள், சேலைக்கு மேல் சுற்றிக்கொள்ள வேண்டியதுதான். அப்போது அவளே ஒரு யோசனை சொன்னாள். "இன்னொண்ணு வாங்கி இதுக்கும் கட்டிடும்மா. பார்க்கறவங்களுக்கு ஏதோ சப்பரம் மாதிரி இருக்கும். சக்கரம் தெரியாது." எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நாற்காலியின் கையிலிருந்து கால் வரை, சக்கரத்துக்கு மேலேயும் நன்றாகச் சுற்றிக் கட்டினேன். பச்சைப்பசேலென்று அழகாகவே இருந்தது. பல நாளைக்கு அப்புறம் அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

வண்டித் தடத்தில் மணல் இறுகியிருந்ததால் நாற்காலி கொஞ்ச தூரம் உருண்டது. அப்புறம் கனத்தது. பிறகு அசையவே இல்லை. குனிந்து பார்த்தால், வேப்பிலைக் கயிறு சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்து அச்சில் முறுக்கிக்கொண்டிருக்கிறது. இழுக்க இழுக்க இறுகியது.

அப்போதுதான் மேற்கே யாரோ கத்தினார்கள். "ஆத்துல தண்ணி வருதே!"

மலைப் பக்கம் மழை பெய்திருக்க வேண்டும். முதலில் நுரையும் சுள்ளியுமாக ஒரு பழுப்புக் கோடுதான் தெரிந்தது. நான் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தபோதே கணுக்காலுக்கு வந்துவிட்டது. அடுப்புகள் அணைந்து சீறின. ஜனங்கள் மூட்டைகளோடு கரையைப் பார்த்து ஓடினார்கள். எங்களுக்கு எதிரிலேயே ஓடிய ஒருவர், தண்ணீருக்கடியில் இருந்த ஊற்றுக்குழிக்குள் தலை மறைய இறங்கிப் போனார். இரண்டு பேர் மயிரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அதைப் பார்த்ததும் ஓடிய அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். ஆறு முழுக்கக் குழி, எது எங்கே என்று யாருக்கும் தெரியாது, தண்ணீரோ முழங்காலுக்கு வந்துகொண்டிருக்கிறது.

மீனவக் குடும்பம் எங்களிடம் ஓடி வந்தது. தம்பிகளில் ஒருவர், "கொழந்தைய நான் தூக்கிக்கிறேன், வண்டிய உடு" என்று கை நீட்டினார். என் மகள் நாற்காலியின் இரும்புக் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இத உட்டுட்டு வரமாட்டேன்."

இந்த நாற்காலியை எங்கேயாவது போட்டுக் கொளுத்து என்று என்னிடம் எத்தனை முறை அழுதிருக்கிறாள்! அந்த அம்மாள்தான் தம்பியை அதட்டினாள். "அது அவ காலுடா. காலை ஆத்துல உட்டுட்டு வான்னா எவ வருவா? மூங்கில உருவு!"

பந்தல் மூங்கில்கள் இரண்டை உருவி நாற்காலிக்கு அடியில் கொடுத்தார்கள். படகை மணலில் நகர்த்தும்போது போடுகிற சத்தத்தைப் போட்டு, நாலு பேரும் ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றினார்கள். "பார்த்தியா கண்ணு, காலைல சொன்னாப்பல தூக்கிக்கினே போறோம்" என்றாள் அந்த அம்மாள், அந்த நேரத்திலும். நான் ஒரு மூங்கில் நுனியைப் பிடித்துக்கொண்டேன். ஆற்றில் இருந்த அத்தனை பேர் தலைக்கும் மேலே, வேப்பிலைக்கு நடுவே என் மகள் உட்கார்ந்திருந்தாள். மறைய ஒரு கீற்றுகூட இல்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

கண்ணை மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ கையை நீட்டினாள்.

"நேராப் போகாதீங்க, செவப்புக் கூடாரத்தாண்ட பெரிய குழி! வலது பக்கம் வாங்க... இன்னும் வலது... இங்க ரெண்டு குழி, நடுவுல வாங்க!"

அது என் மகளின் குரல்தானா என்று நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு வருஷமாக அடுத்த அறைக்குக்கூடக் கேட்காத குரல், தண்ணீர் இரைச்சலுக்கு மேலே கேட்டது. தூக்கியவர்கள் அவள் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினார்கள். ஒரு முறை எங்களுக்குப் பக்கத்தில், அவள் விலகச் சொன்ன அதே இடத்தில், மிதந்து வந்த ஒரு கூடை சுழன்று உள்ளே போயிற்று. இடுப்பளவு தண்ணீரில் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை. பிள்ளைகளைத் தோளில் சுமந்தவர்கள், வேப்பஞ்சேலை கட்டிய பெண்கள், மூட்டைக்காரர்கள், எல்லோரும் ஒருவர் துணியை ஒருவர் பிடித்துக்கொண்டு, அந்த நாற்காலி போகிற தடத்திலேயே கால் வைத்து வந்துகொண்டிருந்தார்கள்.

கரையேறி நாற்காலியை இறக்கியபோது எங்கள் பந்தல் இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள், "எந்தக் குழி எங்க கீதுன்னு உனக்கு எப்படிடி தெரியும்?"

"காலைலேர்ந்து உங்களையெல்லாம் பார்த்துக்கினேதான இருந்தேன். யார் யார் எங்க தோண்டினாங்கன்னு தெரியும்."

"அடிப் பாவி! நாங்க பார்ப்போம்னு நீ ஒளிஞ்சிக்கினு, எங்கள ஒண்ணு விடாம நீ பார்த்துக்கினு இருந்தியா?" அவள் சிரித்த சிரிப்பில் நனைந்து நின்ற எல்லோருமே சிரித்துவிட்டார்கள். என் மகளும்தான்.

பிறகு என் மகள் அந்த அம்மாளின் தம்பி ஒருவரிடம் கத்தியை வாங்கி, குனிந்து, சக்கரத்தில் சிக்கியிருந்த வேப்பிலைக் கயிற்றைத் தானே அறுத்தாள். நான் மிச்சத்தைச் சரி செய்யப் போனேன். "வேணாம்மா. அது இருந்தா ஓடாது" என்றாள். அத்தனை இலையையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, நான் கோயிலைச் சுற்றி வரும்போது பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தாள். பார்த்தார்கள். அவளும் அவர்களைப் பார்த்தாள்.

இப்போது கடைத்தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். கூச்சம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் திரும்பி வரும்போது முகம் சுண்டித்தான் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலையில் தானே சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிறாள். வாசலில் நின்று அவள் போவதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் பயம்தான். ஆனால் ஊர்க் கண்களிலிருந்து மறைத்தால்தான் இவளைக் காப்பாற்ற முடியும் என்று நம்பிய எனக்கு, ஓர் ஊரே இவளுடைய கண்களை நம்பிக் கரையேறிய அந்தக் காட்சி, பயத்தையும் மீறிக் கைகூப்பத் தோன்றுகிற பிரமிப்பாக இன்னும் நெஞ்சில் நிற்கிறது.