மாமன் மடியில் கொலைகாரப் பொம்மை

போன ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குத் தனியாகப் போய் ஒரு பொம்மைப் படம் பார்த்துவிட்டு வந்தேன். குழந்தைகள் படம் என்று நினைத்துவிடாதீர்கள். இது கத்தியை எடுத்துக்கொண்டு ஆளைக் கொல்லும் பொம்மை. எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது வீடியோ கேசட்டில் வந்து செல்லூரில் எங்கள் தெருவையே நடுங்க வைத்த படம். அதைத்தான் இப்போது புதிதாக எடுத்திருக்கிறார்கள். சேதி தெரிந்ததும் என் தங்கை கலாவுக்கு, “அந்தப் படம் திரும்ப வந்துருக்குடி, போவமா?” என்று போனில் எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் விழவில்லை. இதே ஊரில், திருநகரில்தான் இருக்கிறாள். அம்மாவின் வீட்டை நான் காலி செய்த நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இந்தப் படத்தைச் சாக்கு வைத்தாவது பேசிவிட மாட்டாளா என்று ஒரு நப்பாசை.

படம் எப்படி என்று கேட்கிறீர்களா? கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். பழைய படத்தில் அந்தப் பொம்மை ஏன் கொல்கிறது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. புதிய படத்தில் அதற்கு ஒரு சோகக் கதை வைத்திருக்கிறார்கள். முன்பு இருந்த வீட்டில் அதை யாரும் மதிக்கவில்லையாம். அதனால் அதன் மனம் புண்பட்டுப் போனதாம். கண்ணாடி போட்ட டாக்டர் அம்மாள் ஒருவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து இதை விளக்குகிறார். கொலை செய்துவிட்டு அந்தப் பொம்மை தேம்பித் தேம்பி அழுகிறது. கொன்றவளே அழுதால் செத்தவன் என்னதான் செய்வான்? போதாக்குறைக்கு எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. மாடி விட்டு மாடி தாவுகிறது, சுவரில் பல்லியைப் போல ஓடுகிறது. பழைய பொம்மை நடந்து நாங்கள் பார்த்ததே இல்லை. ஒரு காட்சியில் நாற்காலியில் அது இருக்கும். அடுத்த காட்சியில் நாற்காலி மட்டும் இருக்கும். அவ்வளவுதான், எங்களுக்குக் குலை நடுங்கிவிடும்.

தியேட்டரில் என் பக்கத்து இருக்கையில் ஏழெட்டு வயதுச் சிறுமி. திடீரென்று ஸ்பீக்கர்கள் அலறியபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் என் பக்கம் சாய்ந்து, “வெறும் சவுண்டுதான் ஆன்ட்டி. ஒண்ணும் வராது” என்றாள். அவளுடைய அப்பா போனில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியோ கட்டில் மாதிரி பின்னால் சாய்கிறது. வாளியில் பாப்கார்ன். இப்படி மல்லாந்து படுத்துக்கொண்டு தின்கிறவனை எந்தப் பேய் வந்து பயமுறுத்த முடியும்? எனக்கு அந்தப் பேயைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது.

நாங்கள் பார்த்த லட்சணமே வேறு. ஞாயிற்றுக்கிழமை மதியம், தறிகள் ஓடாத நேரம், அடுத்த வீட்டில் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக். நீளமாக ஒரே ஒரு அறை. அதில் தெருவில் பாதிப் பேர் முழங்காலும் முதுகும் இடிக்க உட்கார்ந்திருப்போம். ஒருத்தி நடுங்கினால் அந்த நடுக்கம் வரிசை முழுக்கப் போகும். படம் இங்கிலீஷில் ஓடும். மொழிபெயர்ப்பாளர் எங்கள் பாண்டி மாமா. அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார், பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறி ஓட்டினார். பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதியவர். திரையில் யார் எவ்வளவு நீளமாகப் பேசினாலும் மாமாவிடம் இருந்தது மூன்றே வசனம்: “யாருடா நீ”, “விட மாட்டேன்”, “ஓடிரு”. உண்மையைச் சொன்னால் அந்தப் படத்துக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

டெக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வீட்டில் இருப்பதை என்ன செய்வது? எங்கள் ஷோகேஸில் ஒரு பொம்மை நின்றிருந்தது. சித்திரைப் பொருட்காட்சியில் மாமாவே வாங்கி வந்தது. பொன்னிற நைலான் முடி, நீலக் கண். படுக்க வைத்தால் மூடும், நிறுத்தினால் திறக்கும். அழுக்காகிவிடும் என்று பாலித்தீன் உறையைக்கூட அம்மா பிரிக்கவில்லை. பக்கத்துக் கொட்டகையில் தறி ஓட ஆரம்பித்தால் எங்கள் சுவர் அதிரும், ஷோகேஸ் கண்ணாடி அதிரும், அந்தப் பொம்மையின் இடது இமை மட்டும் மெல்ல மெல்ல இறங்கும். பல மாதமாக அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தது. படம் பார்த்த பிறகுதான் நாங்கள் அதைக் கவனித்தோம்.

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். கலாவுக்கு அப்போது ஆறு வயது. எந்நேரமும் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிவாள், தூங்கும்போதும் என் கையை விடமாட்டாள், என் பென்சில் டப்பாவைக் கிண்டுவாள். கொஞ்ச நேரம் தொலைந்தால் போதும் என்று ஒருநாள் அவள் காதில் சொன்னேன்: “அது எங்கிட்டப் பேசுதுடி. ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு.”

தொலைந்துதான் போனாள். அன்றைக்கே காய்ச்சல். “பிள்ள பயந்துருக்கா” என்று அம்மா பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஓதி ஊதச் சொல்லி, கறுப்புக் கயிறு கட்டிக் கூட்டி வந்தாள். காய்ச்சல் இறங்கியது. ஆனால் கலா என் பக்கமே வரமாட்டேன் என்றாள். நான் உள்ளே வந்தால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிவாள். “அக்காவும் அதுவும் கூட்டும்மா” என்றாள். அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று எல்லார் முன்னாலும், “நான் சொன்னது பொய்யி” என்று அழுதேன். அவள் என்னையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “பொய்யின்னு சொல்லச் சொல்லி அதுதான் சொல்லுச்சா?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? ராத்திரி கை வெறுமையாக இருந்தது. தொல்லை ஒழிந்தது என்று சந்தோஷப்பட வேண்டியவள், தூக்கம் வராமல் கிடந்தேன்.

வழி கண்டுபிடித்தது அம்மா. அவளும் அன்று அவரைக்காய் நறுக்கிக்கொண்டே முழுப் படத்தையும் பார்த்திருந்தாள். “அந்தப் படத்துல, கடையில வாங்கிட்டு வந்து ஒரு மூலையில உக்கார வச்சாங்க. ஒரு மொட்டை உண்டா, ஒரு காதுகுத்து உண்டா? ஒறவுமுறை இல்லாத பிள்ள கத்திய எடுக்காம என்ன செய்யும்?” என்றாள். புதிய படத்தின் டாக்டர் அம்மாள் முக்கால் மணி நேரம் இழுத்ததை எங்கம்மா ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் சொல்லி முடித்தாள். வைத்தியமும் அவளே சொன்னாள். வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, இதற்கு மொட்டை போட்டுக் காது குத்திவிடலாம்.

மொட்டை போடவும் காது குத்தவும் தாய்மாமன் மடி வேண்டும். அது மாற்ற முடியாத விதி. பாண்டி மாமாவோ படம் பார்த்த நாளிலிருந்து ஷோகேஸ் இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். “வேலியில போன ஓணான எடுத்து மடியில விடச் சொல்றியேக்கா” என்று கெஞ்சினார். அம்மா கேட்பாளா? பாயை விரித்து, அவரைக் கிழக்குப் பார்க்க உட்கார வைத்து, உறையைப் பிரித்துப் பொம்மையை மடியில் வைத்தாள். மாமா அதன் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சம்பிரதாயத்துக்காகப் பிடித்தாரா, கத்தியை எடுத்துவிடக் கூடாது என்று பிடித்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். அம்மா கத்தரிக்கோலால் முடியை ஒட்ட வெட்டி, தலையில் சந்தனம் பூசினாள். ஊசியைக் காய்ச்சிக் காதில் குத்தியபோது ரப்பர் கருகிய நாற்றம் வீடெல்லாம் அடித்தது. இரண்டு காதிலும் கவரிங் கம்மல் ஏறியது.

“மூத்தவ இருக்கா, நடுவுள்ளவ இருக்கா, இது சின்னவ. எனக்கு மூணும் பொண்ணு” என்று அம்மா அறிவித்தாள்.

வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தறிக்காரர் ஒருவர் மாமாவைப் பார்த்துச் சொன்னார்: “ஏ மாப்ள, அக்கா மகள்னா ஒனக்கு மொறப்பொண்ணுல்ல? இம்புட்டு அமைதியான பொண்ணு வேற எங்க கெடைக்கும்? பேசாம கட்டிக்க.”

மாமாவின் முகம் மாறிவிட்டது. முறை வரும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. “அண்ணே, சும்மாருங்க. கத்தியோட குடும்பம் நடத்தச் சொல்றீகளா?” என்றார், மடியில் இருப்பதைக் கீழே வைக்கவும் பயந்துகொண்டு.

அம்மாவின் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. கலா. ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. மெதுவாக வெளியே வந்து, பாயருகில் நின்று, சந்தனத் தலையைப் பார்த்தாள். “இது சின்னவள்னா, அப்ப நான் அக்காவாம்மா?” என்று கேட்டாள். ஆமாம் என்றதும் அவளுக்கு ஒரு சாண் உயரம் கூடிவிட்டது. மாமாவின் மடியிலிருந்து அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்று ராத்திரி எங்கள் இருவருக்கும் நடுவில் சின்னவளைப் படுக்க வைத்து, அவளைத் தாண்டிக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். நான் அசையாமல் கிடந்தேன்.

அப்புறம் சின்னவள் ஷோகேஸுக்குத் திரும்பவில்லை. தீபாவளிக்கு எங்கள் பாவாடைத் துணியில் மிச்சம் பிடித்து அவளுக்கும் தைப்பாள் அம்மா. நாங்கள் கல்யாணமாகிப் போன பிறகும், போன் செய்தால், “சின்னவ மேல வெயில் விழுது, உள்ள வச்சுட்டு வாரேன், இரு” என்பாள். மாமா சாகும்வரைக்கும் அவளைப் பார்த்தால் ஓரடி தள்ளித்தான் போவார்.

மாமா போனார். அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். வீட்டைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு எதையும் சட்டென்று முடித்தாக வேண்டும். பழைய சாமான்காரரை வரச் சொல்லி, உடைந்த பீரோ, துருப்பிடித்த கட்டில், பரணில் கிடந்தவை என்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டேன். கலா திருநகரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது வீடு துடைத்துவிட்டது போல இருந்தது. ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“சின்னவ எங்கக்கா?”

“எந்தச் சின்னவ? ஓ, அந்தப் பொம்மையா? அது வண்டியில போயிருச்சு.”

ஆறு வயதில் அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னை எப்படிப் பார்த்தாளோ அப்படியே பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் அந்தப் பழைய சாமான்காரரின் கடைக்குப் போய்க் குவியலைக் கிளறினேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. தூக்கிப் போட்டதை அவள் என்றாவது மன்னித்திருப்பாள். மாமன் மடியிலிருந்து இறங்கிய நாள்முதல் எங்கள் வீட்டில் யாரும், சாகும்வரை பயந்த மாமாகூட, சின்னவளைப் பொம்மை என்று சொன்னதில்லை. முதன்முதலில் சொன்னவள் நான்தான்.