பாயின் பிளாஸ்க்

மருந்து பாட்டிலுக்கும் தன் மணிக்கட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று வலியுல்லா பாய் டேப் வைத்து அளக்கிறார். ஒரு முனையை என்னிடம் நீட்டுகிறார்.

"பாட்டில்கிட்ட புடிம்மா. இழுக்காத, லூசா வுடு."

எழுந்து நின்று பிடிக்கிறேன்.

"அம்பத்திரண்டு இன்ச்சு. போன வாட்டி அம்பதுதான். இன்னா பண்ணாங்கன்னு தெர்லயே."

"கம்பத்த ஒசத்தி வெச்சுகிறாங்க பாய், வேற இன்னா" என்கிறாள் அக்கா.

அளந்து முடித்த பிறகுதான் அவருடைய முழங்கால் ஆடுவது நிற்கும். டேப் மறுபடியும் கழுத்துக்குப் போய்விடும்.

அக்காவுக்குத் துணையாக இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை கீமோ வார்டுக்குப் போகிறேன். செவ்வாய்க்கிழமை மார்பகப் புற்றுநோய்க்காரர்களின் நாள். பதினான்கு நாற்காலிகளில் பதின்மூன்றில் பெண்கள் இருப்பார்கள். சுவரோர நாற்காலியில் பாய். ஆண்களுக்கும் இந்த நோய் வரும் என்பதே அவரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

அக்கா ஊரூர் குப்பத்தில் மீன் விற்பவள். முதல் நாளே கேட்டுவிட்டாள். "இன்னா பாய், ஊட்டம்மாவுக்கு ஊசி போடணும்னா நீ வந்து சீட்ல குந்திகினு கீற?"

அவர் சட்டையின் மேல் பித்தானைத் தடவிக்கொண்டு, "எனக்குத்தாம்மா" என்றார்.

அக்கா தன் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அன்றைக்கு அவரிடம் கொடுத்த படிவத்தில் கடைசி மாதவிலக்குத் தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. அதை விட்டுவிட்டுக் கொடுத்தார். எல்லாக் கட்டமும் நிரப்ப வேண்டும் என்று கவுண்டரில் திருப்பித் தந்துவிட்டார்கள். "போடு பாய், சும்மா ஒரு தேதி" என்றாள் அக்கா. பாய் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. கடைசியில் அந்தக் கட்டத்தில் நேராக ஒரு கோடு போட்டார். ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருந்தது.

மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் அவருடைய கடை. முப்பத்திரண்டு வருடமாக ஜாக்கெட் தைக்கிறார். அத்தனை வருடத்தில் ஒரு பெண்ணின் மேலும் டேப் வைத்ததில்லை என்று சொல்கிறார். அவருடைய மனைவி திரைக்குப் பின்னால் அளந்து எண்களைச் சொல்வாராம். இவர் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொள்வாராம். நான்கு வருடத்துக்கு முன் மனைவி இறந்துபோனார். அன்றிலிருந்து அளவு ஜாக்கெட் கொண்டுவராதவர்களிடம் துணி வாங்குவதில்லை.

மார்பு என்ற சொல் அவர் வாயில் வராது. "முன்பக்கத்துல ஒரு கட்டி வந்துச்சு. எடுத்துட்டாங்க" என்பார், சரியாக வராத தையலைப் பிரித்துவிட்ட மாதிரி.

அதே அளவு நோட்டில்தான் இப்போது உடம்பையும் எழுதுகிறார். தோள், கை, இடுப்பு என்று இருந்த இடத்தில் வாந்தி, வாய்ப்புண், தூக்கம் என்று கட்டம் கட்டியிருக்கிறார். கீமோவின் சிவப்பு மருந்து ஏறிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போக, பயந்துபோய் வார்டுக்கு போன் செய்தாராம். மருந்தின் நிறம்தான் என்று நர்ஸ் சொன்ன பிறகு, அதற்கும் ஒரு கட்டம் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் வெளுக்கும் என்பது அவர் கண்டுபிடித்தது. அக்காவுக்கும் அதுவே சரியாக இருந்தது.

தலைமுடி போனதைப் பற்றி அவருக்கு ஒன்றும் இல்லை. தொப்பி இருக்கிறது. மூக்கு முடி போனதுதான் அவருக்கு ஆச்சரியம். "குனிஞ்சா தண்ணியா ஊத்துதும்மா. கொக்கி தைக்க முடில. அல்லா அந்த முடிய எதுக்கு வெச்சான்னு இப்பத்தான் புரியுது."

மெஷின் எண்ணெயின் வாடை பட்டாலே குமட்டுகிறது என்று மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார். ஒரு வாரத்தில் அது பிசின் மாதிரி இறுகி, சக்கரமே சுற்றவில்லை. "தெரிஞ்சேதான் ஊத்துனேன். தொழில் தெரிஞ்சவன் பண்ற வேலையா இது?" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அதனால் சில நாள் கையால்தான் தைத்தார். அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்த பக்கம் ஜாக்கெட் தொளதொளவென்று இருப்பதை அவர் எப்போது பார்த்தாரோ தெரியாது. "அளவு ஜாக்கெட் ஒண்ணு குடு தங்கச்சி" என்று மட்டும் கேட்டார். அடுத்த முறை காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். உள்ளே பை வைத்துத் தைத்து, பஞ்சும் கனத்துக்குக் கொஞ்சம் கடுகும் போட்டிருந்தது. அக்கா பாத்ரூமில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "தாளிச்சிடாத பாய்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னாள்.

சிவப்பு மருந்து ஏறும்போது வாயில் ஐஸ் வைத்திருந்தால் புண் குறையும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பாய் நன்னாரியை உறைய வைத்துப் பிளாஸ்க்கில் கொண்டுவருவார். பக்கத்து நாற்காலிகளுக்கும் கொடுப்பார். அந்த ஐஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பது இரண்டாவது முறைதான் எனக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா வந்து நின்று சொன்னார். "பாய், உங்க ரத்தத்துல இது பரம்பரையா வர்ற வகைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. பொண்ணுக்கும் டெஸ்ட் எடுக்கணும். இருந்துச்சுன்னா முன்கூட்டியே பாத்துக்கலாம். அவங்ககிட்ட சொல்றீங்களா?"

மருந்து இன்னும் ஏற ஆரம்பிக்கவில்லை. பாய் ஒரு ஐஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கன்னம் உப்ப, தலையை ஒரு மாதிரி ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அவருடைய ஒரே பெண் ஜுவேரியா பல்லாவரத்தில் இருக்கிறாள். நெஞ்சில் கட்டி என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறார். துணித் தூசு போய் நுரையீரல் கெட்டுவிட்டது என்று அவளாகவே முடிவு செய்து, பெட்டி பெட்டியாக மாஸ்க் அனுப்புகிறாள். பாய் ஒரு நாள் தவறாமல் போட்டுக்கொள்கிறார்.

"அவ அம்மா இருந்தா சொல்லிருப்பா. நான் இன்னான்னு சொல்றது? பெத்த பொண்ணாச்சே" என்றார் ஒருநாள், என்னைப் பார்க்காமல்.

மூன்றாவது முறை மருந்து முடிந்து எழுந்தவர் தலைசுற்றிச் சுவரில் சாய்ந்தார். அடுத்த தடவை துணைக்கு ஆள் இல்லாமல் மருந்து போட முடியாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால் நான்காவது செவ்வாய்க்கிழமை ஜுவேரியா வந்தாள். வார்டைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாரும் பெண்களாக இருப்பது அவள் முகத்தில் ஒரு கேள்வியாக நின்றது. நர்ஸ் பில் கட்ட அனுப்பினார். அவள் தலை மறைந்ததும் அக்கா ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு நீ சொல்ற. இல்லாங்காட்டி நான் சொல்வேன்."

"யம்மா தாயே, நீ மீன் கூவுற மாதிரி கூவிடாத."

"கூவுவேன். ஒம் பொண்ணுக்கு ரெண்டு வயசுல கொழந்த கீதுன்னியே."

பாய் கழுத்திலிருந்து டேப்பை உருவிச் சுருட்டினார். பிறகு ஃபைலை எடுத்துத் தரச் சொன்னார். ரிப்போர்ட்டைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டியை எடுத்து, பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்ற வரியின் கீழே கோடு இழுத்தார். கோடு வளைந்துவிட்டது. ஜுவேரியா திரும்பி வந்து உட்கார்ந்ததும் அதை அப்படியே அவள் மடியில் வைத்தார்.

அவள் மேலிருந்து படித்தாள். "அப்ப லங்ஸ் இல்லையா அத்தா?"

அவர் பாட்டிலைப் பார்த்தார். அவள் விரல் நீலக் கோட்டுக்கு இறங்கி, அங்கேயே நின்றது.

"இது… என்னைச் சொல்லுதா?"

பாயின் கை பிளாஸ்க்குக்குப் போனது. மூடியைத் திறந்து ஒரு ஐஸை எடுத்தார். வாய்வரைக்கும் கொண்டுபோனார். நன்னாரி விரல் வழியாக மணிக்கட்டில் வடிந்தது. பிறகு அதைப் பிளாஸ்க்கிலேயே போட்டு, மூடியை இறுக்கித் திருகி, என்னிடம் நீட்டிவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.