சீல் வைத்த வாசல்

பல் செட் செய்து கொடுப்பவர் என்பதால் எல்லோரும் அவரைப் பல்லுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஊரில் இருந்த பல் டாக்டர்களில் பாதிப் பேர் அச்செடுத்து அவரிடம்தான் அனுப்புவார்கள். தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அவர் முகத்தைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார். எந்தப் பல் சொந்தம், எது தன் கைவேலை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஐம்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். எதிலும் ஆற அமர யோசிக்கிற ஆள் ஒரே ஒரு விஷயத்தில்தான் அவசரப்பட்டார்.

அவர் பட்டறை வாடகைக்கு இருந்த கட்டிடத்தை இடிக்கப் போவதாகச் சொல்லி அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். இனிமேல் யார் வாசலிலும் போய் நிற்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினார். அப்பா விட்டுப்போன மாடிவீடு இருந்தது. அதன் கீழ்த்தளத்து முன்பக்கச் சுவரை எடுத்துவிட்டு இரண்டு ஷட்டர் போட்டால் ஒன்றில் தன் பட்டறை, இன்னொன்றை வாடகைக்கு விடலாம். கணக்கு கச்சிதமாகத்தான் இருந்தது. அந்த முன்னறையில் அவருடைய அக்கா இருந்தார் என்பது ஒன்றுதான் இடித்தது.

அக்கா டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டதால் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருப்பார். "கொஞ்ச நாளைக்கு மாடியில இருந்துக்கோக்கா, வேலை முடியட்டும்" என்று சொல்லி, தம்பியும் தம்பி மனைவியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை மேலே ஏற்றினார்கள். ஏறியவர் இறங்கவே இல்லை. கொஞ்ச நாள் கொஞ்ச மாதம் ஆயிற்று.

அனுமதி என்று ஒன்று வாங்க வேண்டும் என்பது பல்லுக்காரருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வரைபடம் போட்டுக் கொடுத்தவர் தைரியம் சொன்னார். "எதிர்சாரி பூரா கடைதானே சார்? முதல்ல ஷட்டரைப் போடுவோம். அனுமதி பின்னாடியே வந்துடும்."

ஷட்டர் ஏறி, பட்டறையும் கீழ்த்தளத்துக்குக் குடிவந்துவிட்டது. அனுமதி வரவில்லை. அதிகாரிகள் வந்தார்கள்.

நடுப்பகல் நேரம். ஜீப்பில் இருந்து இறங்கிய அதிகாரி வரைபடத்தை விரித்துக் காட்டினார். தெருவுக்கு நடுவில் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வணிகப் பகுதி. மருந்துக்கடையும் செல்போன் கடையும் சட்டப்படி இருந்தன. இந்தப் பக்கம் குடியிருப்புப் பகுதி. இங்கே கடை என்று பெயர் வைத்து ஒரு ஆணி அடிப்பதானாலும் அவர்களைக் கேட்டுத்தான் அடிக்க வேண்டும்.

"கீழ்த்தளத்துக்கு சீல் வைக்கிறோம் சார். மேல நீங்க குடியிருக்கலாம். அதுக்கு எந்தத் தடையும் இல்ல."

"மாடிப்படி கீழ்த்தளத்துக்கு உள்ளதானே இருக்கு! எப்படி சார் ஏறுறது?"

அதிகாரி வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தண்ணீர்த்தொட்டி கழுவுவதற்காகச் சுவரோடு சேர்த்து வைத்த இரும்பு ஏணி ஒன்று பின்பக்கம் இருந்தது. "அதான் ஏணி இருக்கே" என்றார்.

"மேல எங்க அக்கா இருக்காங்க. முட்டி வலிக்காரங்க."

"அவங்களை இப்பவே கீழ கூட்டிட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்."

பல்லுக்காரர் ஓடினார். அக்கா கட்டிலைவிட்டு அசையவில்லை. "வந்து எங்க இருக்கச் சொல்ற? நடுத்தெருவுலயா? நான் எங்கயும் வரல. அவங்க வேலையை அவங்க பார்க்கட்டும்." கெஞ்சியும் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடைசியில், அக்கா தன் இஷ்டத்தில்தான் மேலே இருக்கிறார் என்று பல்லுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஷட்டர்களுக்கும் வாசல் கதவுக்கும் பூட்டுப் போட்டு, துணி சுற்றி, அரக்கு உருக்கி ஊற்றினார்கள்.

அன்றிலிருந்து அவருக்கும் மனைவிக்கும் ஏணிதான் கதி. காய்கறியும் மருந்தும் கயிறு கட்டிய வாளியில் ஏறின. வேலைக்குப் போகிற மனைவி கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கீழே பார்க்காமல், கம்பிக்குக் கம்பி கால் தேடி இறங்குவாள். "குரங்கா பொறந்திருந்தா சந்தோஷமா ஏறி இறங்கியிருப்பேன்" என்பாள். முதலில் சிரிப்பாகச் சொன்னாள். போகப்போகச் சிரிக்காமல் சொன்னாள்.

பட்டறைக்குள் பாதி முடிந்த பல் செட்டுகள் மாட்டிக்கொண்டன. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பொக்கைவாயோடு பின்பக்கம் வந்து நின்று, "என் பல்லுக்கும் சேர்த்தா சீல் வச்சாங்க?" என்று கேட்டார். பல்லுக்காரர் மேலே இருந்து கையெடுத்துக் கும்பிட்டார். வேறென்ன செய்வார்?

அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அங்கே திட்டப் பிரிவில் இருந்த அம்மா நல்ல மாதிரி. எரிந்து விழாமல் பொறுமையாகத்தான் சொன்னார். பொறுமையாகக் கேட்கக் கேட்கத்தான் பல்லுக்காரருக்கு மூச்சு முட்டியது. கீழே கடை வேண்டுமென்றால் மாடிக்குத் தனிப் படிக்கட்டு வேண்டும். படிக்கட்டு வைக்கப் பக்கவாட்டில்தான் இடம் இருக்கிறது. பக்கவாட்டில் எதுவும் கட்டாமல் காலியாக விட்டால்தான் கடைக்கே அனுமதி. முன்னால் வண்டி நிறுத்த இடம் விட வேண்டும். விட்டால் கடைக்கு இடமில்லை. எல்லாவற்றுக்கும் முதலில் உள்ளே அளவெடுத்துக் காட்ட வேண்டும். உள்ளே போகச் சீலை எடுக்க வேண்டும். சீலை எடுக்க அனுமதி வேண்டும்.

"இல்லன்னா பழையபடி வீடாவே மாத்திடறேன்னு உறுதி குடுங்க. அதுக்கு மட்டும் உடனே திறந்து விடுவோம்."

"அப்புறம் நான் வேலையை எங்க வச்சுப் பார்க்கறது மேடம்?"

அந்த அம்மா அடுத்த கோப்பை எடுத்துப் பிரித்தார்.

அந்த வாரம் அக்காவின் முழங்கால் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. கூட்டி வந்த டாக்டர் ஏணியைப் பார்த்ததும் ஒரு எட்டு பின்னால் வைத்தார். கீழே நின்றபடியே கத்திக் கேள்வி கேட்டார். அக்கா மேலே கட்டிலில் இருந்தபடி, டெலிபோன் ஆபீஸ் குரலில், ஒவ்வொன்றுக்கும் கணீரென்று பதில் சொன்னார். வாளியில் மாத்திரை ஏறியது. பக்கத்து வீடுகளில் எல்லாம் ஆள்கள் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். பல்லுக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "புகார் குடுத்தது அந்த மருந்துக்கடைக்காரன்தானே மேடம்?" சீல் வைத்த நாளில் இருந்து அவனோடு அவர் பேச்சு வார்த்தையை விட்டிருந்தார்.

"புகாரே இல்ல சார். எங்க ஆள் தெருவைச் சுத்திப் பார்க்க வந்தப்போ உங்க வீட்டுப் பக்கச் சந்துக்குள்ள போயிருக்கார். உங்க மாடியில இருந்து ஒரு அம்மா கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லியிருக்காங்க. ரொம்பத் தெளிவாப் பேசினாங்களாம்."

வீட்டுக்கு எப்படி வந்தார், ஏணியில் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. அக்கா வெந்நீர்ப் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீயாக்கா சொன்ன?"

அக்கா பதறவில்லை. "கேட்டாங்க, சொன்னேன்."

"உன் தம்பி பொழப்புல மண்ணை அள்ளிப் போட உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"என் ரூமுச் சுவரை உடைக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? கொஞ்ச நாள்னு சொல்லித்தானே ஏத்துனீங்க? இந்த வீட்டுல எனக்கும் பாதி இருக்குடா. இங்க ஜன்னலைத் தொறந்தா பக்கத்து வீட்டுச் சுவருதான் தெரியுது. நான் யார்கூடப் பேசுறது, அந்தச் சுவருகூடவா? நீங்க ரெண்டு பேரும் ஏணியில இறங்க முடியலன்னு இப்பப் புலம்புறீங்க. நான் அதுக்கு முன்னாடியே இறங்க முடியாமத்தான் கிடந்தேன். அது யாருக்காவது தெரிஞ்சுதா?"

மனைவி அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கணவருக்குப் பரிந்து பேசுவாள் என்று அவர் திரும்பிப் பார்த்தார். அவள், "நாளைக்கே உறுதி எழுதிக் குடுத்துட்டு வாங்க. அக்காவுக்கு ஏதாவது ஆச்சுன்னா எது வழியா இறக்குவீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் எழுதிக் கொடுத்தார். சீல் உடைந்தது. ஷட்டர்களைக் கழற்றிய இடத்தில் செங்கல் ஏறியது. அக்காவை மறுபடி இரண்டு பேராகப் பிடித்து, படி படியாக உட்காரவைத்து இறக்கினார்கள். வாத்தியாருக்குப் பல் கிடைத்தது.

பல்லுக்காரருக்குத்தான் போக இடமில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்தது மருந்துக்கடைக்குப் பின்னால் உள்ள சரக்கு அறை ஒன்றுதான். யாரைத் திட்டித் தீர்த்தாரோ அவனிடமே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவன் குத்திக்காட்டாமல் சாவியைக் கொடுத்தான். குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

ஜன்னல் இல்லாத அறை. பிளாஸ்டர் தூசியும் மருந்து வாசனையும் கலந்து நெஞ்சை அடைக்கும். விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றி அடிக்கும். மூச்சு வாங்க முன்பக்கம் வந்தால் எதிரே சொந்த வீடு தெரியும். புது ஜன்னலில் அக்கா யாரிடமாவது பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார். தம்பியைப் பார்த்தால் கையாட்டுவார். சில நாள் இவரும் ஆட்டுவார். சில நாள் பார்க்காதது போல உள்ளே போய்விடுவார்.

ஒரு காலையில் அக்கா தடியை ஊன்றி, தம்பி மனைவியின் தோளைப் பிடித்து, தெருவைத் தாண்டி வந்துவிட்டார். அறைக்குள் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னடா இது, ஒரு ஜன்னல்கூட இல்ல?"

பல்லுக்காரர் கையில் இருந்த அச்சில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முறையா அனுமதி வாங்குன கட்டிடம்க்கா" என்றார்.