புள்ளி விழுந்த மல்லாட்டைச் செடி

ஒரு பழைய தபால் அட்டைக்காக, எழுபத்திரண்டாம் வருஷ வைகாசி வெயிலில் விருத்தாசலம் போய் வந்தவன் நான். கோயிலுக்கென்று போயிருந்தால் புண்ணியமாவது மிஞ்சியிருக்கும்.

விஷயம் இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் அச்சான படத் தபால் அட்டைகள் என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. எல்லாம் பயிர்ச் செடிகள்: எள், கேழ்வரகு, பருத்தி, ஆமணக்கு. வேர், பூ, காய், விதை என்று ஒவ்வொன்றையும் பிரித்து வைத்து வரைந்திருப்பார்கள். நாற்பத்தைந்து வயதில் மற்றவர்கள் நிலம் வாங்குகிறார்கள், நான் மட்டும் செடியின் படம் வாங்குகிறேன் என்பது என் மனைவியின் குறை. அவள் தம்பி செல்வம் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தவன், “ஒரே மாசம் மாமா” என்று வேர்க்கடலை அட்டையைக் கேட்டு வாங்கிப் போனான். மாசம் பல ஆகியும் அட்டை வரவில்லை. நானே கிளம்பினேன்.

எழும்பூரிலிருந்து காலை பாசஞ்சர். இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் எந்த ஸ்டேஷனையும் மனம் நோகவிடாமல் நின்று விசாரித்துவிட்டுப் போகிற ரயில். ஜன்னலோரம் கிடைத்தால் கண்ணில் கரித்தூள். கிடைக்காவிட்டால் தோளில் பக்கத்து ஆளின் தூக்கம். விழுப்புரத்தில் இட்லி வாங்கலாம். சட்னியை நம்ப வேண்டாம். விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கும்போது சட்டை என்ன நிறம் என்பதே மறந்துவிட்டது.

ஜட்கா வண்டிக்காரர் ஒரு ரூபாய் கேட்டார்.

“பீங்கான் சூளைக்கா சார்? உண்டியல் வாங்கவா, பொம்மை வாங்கவா?”

“அட்டை வாங்க.”

“அதுக்கு போஸ்டாபீசுக்கில்ல போவணும்!”

செல்வத்தின் வீட்டில் விவரம் வெளிவந்தது. அட்டை இப்போது ஸ்டெல்லா என்கிற பெண்ணிடம் இருக்கிறதாம். பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதும் தினக்கூலி வேலையில் பல வருஷம் இருந்தவள், அதை விட்டுவிட்டுத் தனியாகத் தட்டுக்குப் படம் வரைய ஆரம்பித்திருக்கிறாள். முதல் ஆர்டர், கடைவீதியில் விதைக்கடை வைத்திருக்கும் காதர் பாயினுடையது. ஆடி விதைப்புக்கு முன்னால் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்க வேர்க்கடலைச் செடி போட்ட தட்டுகள். அதற்கு மாதிரிப் படம்தான் என் அட்டை. அந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர்.

அன்று மாலையே அவளைப் போய்ப் பார்த்தேன். “நாளைக்குக் காலைல சூளை பிரிக்கறாங்க சார். தட்டு சரியா வந்துச்சுன்னா அட்டைய எடுத்துக்கிட்டு போங்க. வரலைன்னா எனக்கு மறுபடியும் பொம்மைக் கண்ணுதான்” என்றாள். முன்னாலேயே பார்த்துக்கொள்ள முடியாதா என்று கேட்டேன். முடியாதாம். படம் எழுதியபின் தட்டை வெள்ளைக் குழம்பில் முக்கிவிடுவார்கள், படம் மறைந்துபோகும். தீயில் வெந்து வெளியே வந்தால்தான் முகம் தெரியும். எங்கள் காலத்துக் கல்யாணம் மாதிரி.

ராத்திரி முழுக்க செல்வத்தின் வீட்டுக் கொசுக்களுக்கு விருந்து வைத்துவிட்டுக் காலையில் போனால், தட்டுகள் அத்தனையும் பளபளவென்று இருந்தன. வைக்கோல் சுற்றிக் கூடையில் அடுக்கி, கைவண்டியில் ஏற்றிக் கடைவீதிக்குப் போனோம். காதர் பாய் முதல் தட்டை வாங்கிச் சிரித்தார். மூக்குக் கண்ணாடி போட்டார். சிரிப்பு நின்றது.

“என்னாம்மா இது, இலையெல்லாம் புள்ளி?”

“அட்டையில இருந்துச்சு பாய்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்டெல்லா நீட்டிய அட்டையை வாங்கிப் பார்த்தேன். அது படத்தில் வரைந்த புள்ளி இல்லை. பழைய காகிதத்தில் வயசுக்கு விழும் பழுப்பு. என் முன்னங்கையிலும் இருக்கிறது. அட்டையில் மங்கலாக இருந்தது, தீயில் வெந்து கருத்து, தட்டில் திருத்தமாக உட்கார்ந்திருந்தது.

“ஓரத்துலயும்தான் புள்ளி இருக்குது. அத வுட்டுட்டு இலையில இருக்கறத மட்டும் ஏன் போட்ட?” என்றான் செல்வம், வரைந்ததில் தனக்குச் சம்பந்தமே இல்லாதவன் போல.

“காயிதத்துல இருக்கறது அழுக்குன்னு தெரியுது. இலையில இருக்கறது இலையோடதுன்னுதான நெனப்பேன்? எங்க கம்மாபுரத்துக் கொல்லையில மல்லாட்டைச் செடி இப்படித்தான இருக்குது? புள்ளி இல்லாத எலைய நான் எங்க பாத்தேன்?”

“வெத எங்க வாங்குறீங்க?” என்றான் செல்வம்.

“பாய் கடையிலதான்.”

பாய் கனைத்துக்கொண்டார். “நோவு புடிச்ச செடியக் காட்டி, எங்கிட்ட வெத வாங்குன்னு சொல்லவா? வாணாம்மா. எடுத்துக்கிட்டு போ.”

ஸ்டெல்லா தட்டை மறுபடி வைக்கோலில் சுற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொன்றையும் அவள் சுற்றிய நிதானத்தைப் பார்க்க முடியாமல் நான் தெருவைப் பார்த்தேன்.

தெருவிலிருந்து வந்தவர் சுந்தரம். பக்கத்துப் பூச்சி மருந்துக் கடைக்காரர். பாய் வாங்கும் பேப்பரைத் தினமும் ஓசியில் படிக்க வருகிறவர். கூடையிலிருந்து ஒரு தட்டை எடுத்தார்.

“அட, இலைப்புள்ளி நோவு! அச்சு அசலா இருக்குதே! வாயால சொன்னா எவன் நம்பறான்? இதக் காட்டி மருந்து குடுக்கலாம். மொத்தமும் எனக்குப் போடும்மா.”

“என் கடையில நின்னுகிட்டு என் தட்ட நீ வாங்குறியா?” என்றார் பாய்.

“நீதான் வாணாம்னுட்டியே பாய்.”

பாய்க்குப் பொறுக்கவில்லை. “சரி, எனக்குப் புள்ளி இல்லாம அதே தட்டு. ஆடிக்குள்ள.”

“போட்டுடலாம் பாய். ஆனா அட்டை எங்கிட்ட இருக்கணும்” என்றாள் ஸ்டெல்லா. மறுபடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அட்டை என் சட்டைப் பைக்குள் போய் இன்னும் சூடுகூட ஏறவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

அவள் எனக்கு ஒரு தட்டுக் கொடுத்தாள். உளுந்தூர்ப்பேட்டை வரை பஸ்ஸிலும், அங்கிருந்து சென்னைக்கு நின்றபடியும், பிறந்த பிள்ளையைப் போல அதை மார்போடு வைத்துக்கொண்டு வந்தேன். போக நினைப்பவர்களுக்கு: வைகாசியில் போகாதீர்கள். சூளை பிரிக்கும் நாளை விசாரித்துக்கொண்டு காலையில் போனால் பொறுக்கி எடுக்கலாம். வைக்கோலைக் கேட்டு வாங்குங்கள், பஸ்காரர்கள் பீங்கானுக்கு இரங்குவதில்லை. மைத்துனனுக்கு எதையும் இரவல் தராதீர்கள்.

வீட்டில் மனைவி அட்டையைப் பற்றிக் கேட்கவேயில்லை. தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நல்ல தட்டாப் பாத்து வாங்கக் கூடாதா? எவ்வளவு தேய்ச்சாலும் கறை போகமாட்டேங்குது.”