அக்கா எனக்காக வைத்திருந்த நாள்

போன கோடை விடுமுறைக்குச் சற்று முன்னர், ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் தொடங்கியது இது. கூட வேலை செய்யும் நோர்வேஜியப் பெண் ஜெர்மனிக்குப் போகிறாளாம், வழியில் வுப்பர்டால் நகரமும் வருகிறதாம். என் அக்கா அங்கேதான் இருக்கிறார், நான் மூன்று தரம் போயிருக்கிறேன் என்று பெருமையடித்தேன்.

அது எப்படிப்பட்ட நகரம் என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். முதல் தரம் அக்காவின் மகள், என் பெறாமகள், பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்தியவீடு, அடுத்தது அவளுடைய கலியாணம், கடைசியாக அத்தானின் செத்தவீடு. நான் கண்டதெல்லாம் விமான நிலையமும் மண்டபமும் அக்கா சமைக்கும் குசினியும்தான். அத்தானை அடக்கம் செய்த மறுநாள்கூட அக்கா கேட்டார்.

"இன்னும் ஒரு நாள் நில்லன், வெளியிலை போயிட்டு வருவம்."

லீவு இல்லை, அடுத்த முறை பார்ப்போம் என்று பெட்டியைக் கட்டிவிட்டேன்.

யார் எங்கே பயணம் போனாலும் ஒரு பார்சலை நீட்டுவது நம்மவர் பழக்கம் அல்லவா? அந்தப் பெண்ணையும் நான் விடவில்லை. அக்காவுக்குப் பிடித்த நோர்வேப் பழுப்புச் சீஸைக் கட்டிக்கொடுத்து, வாசலில் கொடுத்துவிட்டுப் போனால் போதும் என்றேன்.

திரும்பி வந்தவள் கைபேசியில் படங்களைக் காட்டினாள். ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடும் ரயில், இரு பக்கமும் மலைச்சரிவில் ஏறிப்போகும் வீடுகள், அவற்றுக்கு நடுவே நீண்ட படிக்கட்டுகள். எல்லாவற்றிலும் அக்கா! ரயில் ஜன்னலோரம் இருந்து எதையோ கைகாட்டிச் சிரிக்கிறார். அத்தான் போனபின் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமைதான் வந்தது.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்தேன். "ஆரோ ஒருத்தியோடை ஊர் முழுக்கத் திரிஞ்சிருக்கிறியள்?" என்று கோபித்தேன்.

"ஓம். பார்சலைத் தந்திட்டு, 'நேரமிருந்தா என்னோடை வாறியளோ' எண்டு கேட்டவா. என்னட்டை ஆரும் அப்பிடிக் கேட்டதில்லையடி."



இப்போது டிக்கெட் எடுத்துவிட்டேன். விசேஷம் என்னவென்று கணவர் கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். அந்த ரயிலில் அக்காவின் தோளோடு தோள் உரச உட்கார வேண்டும், அவ்வளவுதான். கூடப்பிறந்த அக்காவைப் பார்க்கப் போவதற்கு ஒரு காரணம் வேண்டுமென்று இத்தனை வருடங்கள் காத்திருந்தேனே என்று நினைக்கும்போது நெஞ்சு இன்னும் வலிக்கிறது.