மருந்தடித்தால் ஒரு குவாட்டர்

திருப்புலிவனத்தில் எங்கள் நெல்லுக்குப் பூச்சி மருந்து அடிக்க பெருமாளை விட்டால் ஆள் கிடையாது. மற்றவர்கள் பாதி வயல் அடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். அவன் ஒரு தூர் விடமாட்டான். இருபத்திரண்டு வருடம் அப்படி அடித்தான்.

மருந்தடித்த நாளில் கூலியோடு ஒரு குவாட்டர் பாட்டிலும் தருவது எங்கள் பக்கத்து வழக்கம். உடம்பில் ஏறின மருந்தை அது முறிக்குமாம். எந்த மடையன் சொன்னானோ, எல்லாரும் நம்பினோம். தராவிட்டால் ஆளை மதிக்காத வீடு என்று பேச்சு வரும். என் வீட்டுக்காரர் சுப்பிரமணி வாங்கி வைப்பார். பையில் போட்டு ஆளுக்கு ஆள் நீட்டுவது தமிழ்ச்செல்வியாகிய நான்தான்.

முதல் பாட்டிலை வாங்கினபோது பெருமாளுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கொஞ்ச வருடத்தில் மருந்தடிக்காத நாளிலும் குடிக்க ஆரம்பித்தான். அவன் பெண்டாட்டி சிட்டம்மாள் என்னிடம் வந்து அழுவாள். நானும் அவனை நிற்க வைத்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்பேன். "வயசுக்கு வந்த பொண்ண வூட்ல வச்சிக்கினு இப்டி தள்ளாடிக்கினு வர்றியே, வெக்கமா இல்ல?" கேட்டுவிட்டு, அடுத்த மருந்தடிப்பில் அதே பையை நீட்டுவேன். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டின கதைதான். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

போன ஆவணியில் ரத்தமாக வாந்தி எடுத்தான். இன்னொரு தடவை தொட்டால் ஆளை எழுப்ப முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடியை விட்டவர்கள் உத்திரமேரூரில் ஞாயிறு சாயங்காலம் கூடிப் பேசுகிறார்கள், பஸ் ஸ்டாண்டு பக்கம் விசாரியுங்கள் என்று அங்கிருந்த நர்ஸ் சொல்லி அனுப்பினாள்.

விசாரித்த லட்சணத்தை அவனே வந்து சொன்னான். "குடிகாரங்க கூடுற எடம் எங்க கீதுன்னு ஆட்டோக்காரன்கிட்ட கேட்டேம்மா. குந்துன்னான். நேரா கொண்டாந்து ஒயின்ஷாப் வாசல்ல எறக்கி வுட்டான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்புறம் இன்னா பண்ண?"

"திரும்பிக்கூட பாக்கல. வூடு வரைக்கும் நடந்தே வந்துட்டேன்."

அடுத்த ஞாயிறு மறுபடி போய்க் கண்டுபிடித்துவிட்டான். ஒரு சர்ச்சுக்குப் பின்னால் ஓடு போட்ட அறை. பத்துப் பன்னிரண்டு பேர்.

"அங்க இன்னாதான் பண்ணுவீங்க?"

"சுத்தி குந்திக்கினு உண்மைய சொல்லணும்மா. எப்டி குடிச்சோம், எப்டி வுழுந்தோம்னு. யாரும் திட்ட மாட்டாங்க."

திட்டமாட்டார்கள் என்றது எனக்குச் சுருக்கென்று பட்டது. இருந்தாலும் சந்தோஷம்தான். நாற்பத்து மூன்று நாள் அவன் தொடவில்லை. சிட்டம்மாள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு நடவுக்கு வந்தாள்.

ஐப்பசி கடைசியில் மழை விட்டதும் பயிரில் புகையான் பூச்சி விழுந்தது. பெருமாளும் இன்னும் இரண்டு பேரும் ஒரே நாளில் அடித்து முடித்தார்கள். சாயங்காலம் மூன்று பை எடுத்து வைத்தேன். மூன்றாவது பையில் கை நின்றது. இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு இவனுக்கு மட்டும் கொடுக்காவிட்டால் நாலு பேர் எதிரில் அவனை மட்டம் தட்டினது ஆகாதா? அவன்தான் விட்டுவிட்டானே, யாருக்காவது கொடுத்துவிடுவான். இப்படி யோசித்தது என் புத்தி. பாட்டிலைப் போட்டு நீட்டினேன்.

பையின் கனம் தெரிந்ததும் என்னை ஒரு தரம் பார்த்தான்.

"இன்னா பெருமாளு?"

"ஒன்னுமில்லம்மா." வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் வேலைக்கு வரவில்லை. இரண்டு ஞாயிறு கழித்து சிட்டம்மாள் வந்தாள். இந்தத் தடவை அழவில்லை. "மறுபடி குடிக்குதும்மா. கூட்டத்துக்கும் போவ மாட்டேங்குது. நீங்க சொன்னா கேக்கும்."

அப்போதே அவளோடு போனேன். அவன் வீட்டு வாசலை நான் மிதித்தது அன்றைக்குத்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் மஞ்சள். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"எதுக்குப்பா அத வாங்கின? வேணான்னு வுட்டெறிஞ்சிருக்கலாம் இல்ல?" என்றேன். அப்போதும் பழியை அவன் மேலேயே போட்டேன் பாருங்கள்.

"நீங்க குடுத்து நான் எத வேணான்னுகீறேன்?"

"சரி, போனது போவட்டும். இன்னிக்கு ஞாயித்துக்கெழமதான. கெளம்பு, நானே ஸ்கூட்டில இட்டுக்கினு போறேன்."

"வேணாம்மா."

"இன்னா வெக்கம்? வுழுந்தவங்கதான் அங்க வராங்க."

"வெக்கமெல்லாம் இல்ல. அங்க பொய் சொல்லக் கூடாது. எப்டி வுழுந்தன்னு கேப்பாங்க. உங்க பேர சொல்லணும்."

"சொல்லேன். என் பேரையே சொல்லு."

"சுத்துப்பட்டு ஊர்லருந்தெல்லாம் வராங்கம்மா. உங்க பேரு கெடும்."

யாரிடமும் கெஞ்சாதவள் நான், அன்றைக்கு அவனிடம் கெஞ்சினேன். கையெடுத்துக் கும்பிட்டானே தவிர இடத்தை விட்டு அசையவில்லை.

அவன் தை பார்க்கவில்லை. சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும், குடித்தே செத்தான் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அங்கேதான் நின்றேன். என் பெயரை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.