ஊருக்கு ஒரு கடுவா

ராஜபாய் சத்தம் போட்டால் தாடகை மலைக் கடுவாவே வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும். சரி, கூட்டிச் சொன்னதுதான். ஓடியது ஒரு நரி. மலையடிவாரத்தில் கடுவா என்றால் வரிப்புலி.

ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் அவள் தொண்டை பன்றிகளிடம் பலிக்கவில்லை. கீரிப்பாறைக்குக் கீழே பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த விளைத்தோட்டத்தில் மரச்சீனி என்கிற மரவள்ளி நட்டிருந்தாள். கிழங்கு திரளும் முன்பே பன்றிக்கூட்டம் கிண்டிப் போட்டது. போன வருஷமும் இதே கதை. இன்னொரு விளைச்சல் போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சியில்லை. பன்றியை அடக்கி வைத்திருந்தது கடுவா. அதைத்தான் சுட்டுத் தள்ளுகிறார்களே!

வேட்டைக்கு அனுமதி தருகிற அதிகாரி, மலையில் கடுவா எத்தனை என்று விசாரிக்கச் சந்தைப் புளியமரத்தடிக்கு வந்தார். காட்டுக்குள் போய் எண்ண யாரால் முடியும்? அதனால் செத்தது எத்தனை என்று கேட்டார்.

"எங்க ஊர்ல ஒண்ணு," என்றார் அருமநல்லூர்க்காரர். தெரிசனங்கோப்பிலும் ஒன்று. திட்டுவிளையும் விட்டுக்கொடுக்கவில்லை.

"செத்ததே இத்தனைன்னா உள்ள நூறாவது இருக்கும். சுடட்டும்," என்றார் அதிகாரி.

ராஜபாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"எந்தூரு கடுவா? இந்தா நிக்குத வேட்டைக்காரன் தாணுமாலயன் ஒண்ணச் சுட்டு, கம்புல கட்டி, கொட்டடிச்சு ஊரூராத் தூக்கிட்டு வந்தான். வீட்டுக்கு வீடு அரிசியும் தேங்காயும் வாங்கினான். அத ஊருக்கொண்ணா எண்ணுதியளே, வெக்கமில்லையா?"

"எங்க கடுவாக்கு ஒத்தக் காதாக்கும்," என்றார் அருமநல்லூர்க்காரர், மிடுக்காக.

"எங்களதுக்கும் ஒத்தக்..." திட்டுவிளைக்காரர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

"பாத்தியளா ஏமானே! நாறி, மயிரு உதிருத மட்டும் சொமந்திருக்கானுவ!"

வேட்டைக்காரன் தாணுமாலயன் சிரித்தான். "ஏட்டி, கடுவா போனா ஒனக்கு நல்லதுல்லா?"

"பன்னிக்கு நீ காவல் இருப்பியா? வாலே, இன்னைக்கே வந்து இரு!"

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "அப்போ மிச்சம் இருக்கா, இல்லையா? இருந்தா வேட்டையை நிறுத்தச் சொல்லி எழுதறேன். ஒண்ணுமே இல்லைன்னா எதுக்காக நிறுத்தணும்?"

"இருக்கு ஏமானே! நேத்தைக்குக்கூட ஓடைக்கரையில அலறிச்சு. என் ரெண்டு காதால கேட்டேன். அதத் தொட்டா நான் மனுசியா இருக்கமாட்டேன்!"

பக்கத்தில் நின்ற அவள் புருஷன் ஜஸ்டஸ் தலைத்துண்டை அவிழ்த்தான்.

"அது கடுவா இல்லட்டி," என்றான். "மிளா மானாக்கும் கத்தினது. நான் போயிப் பாத்தேன்."